எமன் மிஸ்ஸி

"உக்காராத! என் பக்கத்துல உக்காராத மிஸ்ஸி!"

பவானி ஆன்டி போட்ட சத்தத்தில் கூடத்திலிருந்த எல்லாத் தலைகளும் திரும்பின. மாலைத் தேநீர் நேரம். மைலோ பானத்தில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தவர்கள் நனைத்த கையோடு அப்படியே இருந்தார்கள். யாருடைய பிஸ்கட்டோ ஊறி உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

நான் செய்தது இவ்வளவுதான். அவருடைய கால் நகங்கள் வளர்ந்திருந்தன. வெட்டிவிடலாம் என்று நகவெட்டியோடு போனேன். காலையிலிருந்து நின்று நின்று என் முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன.

தாதி வேலையில், இங்கே சொல்வதுபோல் மிஸ்ஸி வேலையில், எத்தனையோ கண்களைப் பார்த்திருக்கிறேன். ஊசியைக் கண்டு பயந்தவர்கள், கத்தியைக் கண்டு பயந்தவர்கள், மறதி நோயில் என்னைத் திருடி என்று ஏசியவர்கள். ஆனால் ஒருவர் என்னைக் கண்டு, வெறும் என்னைக் கண்டு பயந்தது அன்றுதான்.

"நகம் வெட்டத்தான் வந்தேன் ஆன்டி."

"நான் இன்னும் போகல. எனக்கு இன்னும் நேரம் இருக்கு. எந்திரி லா!"

எழுந்தேன். நாற்காலியைத் திரும்பச் சுவரோரம் கொண்டுபோய்ப் போடுவதற்குள் என் காது மடல் வரைக்கும் சூடு ஏறிவிட்டது. எல்லோரும் தங்கள் கோப்பையைப் பார்த்தார்கள். அதில் ஒன்று எனக்குப் புரிந்தது. பவானி ஆன்டி கத்தியது அவர்களுக்கு அதிர்ச்சியாக இல்லை. அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்றை அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். தெரியாதவள் நான் ஒருத்திதான்.

இதுவரை அரசாங்க மருத்துவமனைக் காலத்தைப் பற்றியே இந்தத் தொடரில் எழுதிவந்தேன். ஓய்வு பெற்ற பிறகு கிள்ளானில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் சேர்ந்ததை எழுதாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் அந்த மாலைதான். அதை நினைத்தால் இப்போதும் எழுந்து போய் முகம் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

திரைக்கு உள்ளே

இல்லம் என்றால் பெரிய கட்டடத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பழைய பங்களா வீடு. முன்கூடத்தில் கட்டில்கள், பின்னால் சமையலறை. இரண்டுக்கும் நடுச்சுவரில், சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக் கொடுக்க ஒரு சின்னச் சன்னல். வாசலில் ஒரு ரம்புத்தான் மரம். பழக்காலத்தில் அணில்களுக்கும் நடமாடக்கூடிய அங்கிள்மார்களுக்கும் போட்டி நடக்கும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு மூதாட்டி இருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சொந்தம் என்று வந்து எட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. மூச்சு மேலும் கீழுமாக இழுக்க ஆரம்பித்த காலையில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் சாமி பாட்டு சொல்லு தாயி" என்றார்.

எனக்குத் தெரியாது. இதைச் சொல்லவும் வெட்கம்தான். சாலாக் செலாத்தானில் வளர்ந்த பெண் நான். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போவார். நான் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பேன். தேவாரத்தில் ஒரு பதிகம்கூட முழுசாக வராது. கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து "சிவ சிவ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். பையில் வைத்திருந்த திருநீற்றை நெற்றியில் வைத்தேன். அவர் முகம் தளர்ந்தது. அப்படியே போய்விட்டார்.

மருத்துவமனையில் நான் பார்த்த சாவுகளில் இப்படி ஒன்று கிடையாது. அங்கே திரையை இழுப்போம், இயந்திரத்தை நிறுத்துவோம், அடுத்த நோயாளிக்குக் கட்டில் தயார் செய்வோம். சாமியெல்லாம் பார்வையாளர் நேரத்தில் வந்து போகும். எனக்குப் பயிற்சி கொடுத்த சிஸ்டர் கண்டிப்பானவர். இறந்துபோன ஒரு பையனுக்காக நான் கண்ணை மூடி நின்றதைப் பார்த்துவிட்டு, "பிரேயர் எல்லாம் வீட்ல, இங்க வேலை" என்று மலாய் மொழியில் அதட்டினார். அதற்குப் பிறகு பல வருஷம் நான் எதையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ததில்லை.

அந்தத் தோட்டத்து மூதாட்டிக்குப் பிறகு அது என் வழக்கமானது. யாருக்கு முடிவு நெருங்கினாலும் திரையை இழுத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். தமிழர்களுக்குத் திருநீறு. சீன ஆன்டிகளுக்குப் புத்தர் பெயரை ஓயாமல் ஓதுகிற சின்னப் பெட்டி ஒன்றை அவர்கள் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைத் தலைமாட்டில் வைத்துச் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். கிறிஸ்துவர்கள் என்றால் ஸ்டெல்லாவைக் கூப்பிடுவேன். ஸ்டெல்லா என்னோடு வேலை செய்த இளைய தாதி. கிள்ளான்காரப் பெண், ஞாயிறு பூசை தவறாதவள். அவள் ஜெபமாலை சொல்ல, நான் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

குடும்பத்தார் பேச ஆரம்பித்தார்கள். "அப்பா சிரிச்சிக்கிட்டே போனாரு, புஷ்பா மிஸ்ஸி பக்கத்துல இருந்தாங்க." "அவங்க கையில சாமி இருக்கு." புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள்கூட என்னைத் தேடி வந்து கும்பிட்டார்கள். ஒரு மகன், பெரிய வழக்கறிஞர், என் காலில் விழவே குனிந்துவிட்டார்.

"அய்யோ, அதெல்லாம் வேணாம் சார்" என்றுதான் சொன்னேன். ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும்போது கொமுட்டர் ரயிலின் சன்னல் கண்ணாடியில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திரைக்கு வெளியே

பவானி ஆன்டி கத்திய அன்று, துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெயிலில் காய்ந்த படுக்கை விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் ஸ்டெல்லா வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"புஷ்பாக்கா, உங்களுக்கு மெய்யாவே தெரியாதா?"

"என்னா தெரியாதா?"

"விடுங்க லா. அவங்களுக்கு வயசாச்சு."

"ஸ்டெல்லா. சொல்லு."

அவள் விரிப்பின் மூலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்களுக்குப் பேர் வச்சிருக்காங்க. எமன் மிஸ்ஸி."

சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோனது.

"யாரு வச்சது?"

"சாமிநாதன் அங்கிள். ரொம்ப நாளாவே சொல்லிக்கிட்டு இருக்காங்க. நீங்க நாற்காலி போட்டு உக்காந்தா அடுத்த நாள் கட்டில் காலியாம்."

சாமிநாதன் அங்கிள் ஒரு காலத்தில் லோரி ஓட்டியவர். கிள்ளான் துறைமுகத்திலிருந்து தாய்லாந்து எல்லை வரை போய்வந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துத் தமிழ்ப் பத்திரிகை படிப்பார். இல்லத்தில் எல்லோருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். இல்லத்தை நடத்தும் மேட்ரனுக்கு ஜேபிஜே. சாலையில் லோரிகளை மறிக்கும் போக்குவரத்து அதிகாரிகளின் பெயர் அது. சமையல்காரருக்கு உப்புமூட்டை. எனக்கு மட்டும் வைக்காமல் விட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மரியாதையால் என்று நினைத்தேன்!

பிறகு ஒருநாள் அவர்கள் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். திரைக்கு உள்ளே நடப்பது அவர்களுக்குத் தெரியாது. திரைக்குக் கீழே நாற்காலியின் கால்களும் என் வெள்ளைச் சப்பாத்துகளும் மட்டும் தெரியும். முனகல் கேட்கும். பிறகு அமைதி. விடிந்தால் மெத்தையை வெயிலில் காயப்போட்டிருப்போம். குடும்பத்தார் வந்து என்னைக் கும்பிடுவார்கள். கட்டிலில் படுத்தபடி இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

இதெல்லாம் அப்புறம் வந்த தெளிவு. அப்போது வந்தது அவமானம் ஒன்றுதான். அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் கோயிலுக்குப் போனேன். குருக்கள் திருநீற்றுத் தட்டோடு வந்தபோது உள்ளங்கையை நீட்டத் தயங்கினேன். 'என்னை ஏன் இப்படிச் செய்தாய்' என்று சாமியிடம் கேட்கவும் வாய் வரவில்லை. நல்ல பெயர் வந்தபோது ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொண்டவள்தானே நான்.

நின்றுகொண்டே

மறுநாள் மேட்ரனிடம், கூடத்து வேலை வேண்டாம், மருந்து அறையை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆள் இல்ல புஷ்பா" என்றார்.

அதனால் நின்றேன். கூடத்துக்குள் எங்கும் உட்காருவதில்லை என்று வைத்துக்கொண்டேன். நின்றபடியே சோறூட்டினேன், நின்றபடியே தலை சீவினேன், குனிந்து நின்று பெம்பர்ஸ் அணையாடை மாற்றினேன். நரம்பு சுருண்ட கால்கள் சாயங்காலம் கட்டைபோல் ஆகிவிடும்.

பவானி ஆன்டி சும்மா இருப்பவர் இல்லை. சாலாக் செலாத்தானில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே பல வருஷம் நாசி லெமாக் கடை வைத்திருந்தவர். தேங்காய்ப்பால் சோறும் காரச் சம்பலும் வைத்து வாழையிலையில் மடித்த அந்தப் பொட்டலத்தை நானே பள்ளிக்கூடம் போகும்போது வாங்கித் தின்றிருக்கிறேன். அதைச் சொன்ன நாளிலிருந்து நாங்கள் ஒட்டிக்கொண்டோம். இல்லத்தில் சேர்ந்தபோது, சமையலறைச் சன்னலுக்குப் பக்கத்துக் கட்டில்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கியவர். வெங்காயம் வதங்கும் வாசம் வராவிட்டால் தூக்கம் வராதாம்.

அவர் அப்படிக் கத்தி ஒரு வாரம் ஆகியிருக்கும். அவராகவே கூப்பிட்டார்.

"ஏ மிஸ்ஸி. நகம் கீறுது. வெட்டி வுடு."

போனேன்.

"கையில வேற என்னா வச்சிருக்க?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். நகவெட்டி மட்டும்தான்.

"சரி. நின்னுகிட்டு வெட்டு."

குனிந்து நின்று வெட்டினேன். பாதி வெட்டும்போது அவர் கேட்டார். "கோவமா?"

"இல்ல ஆன்டி. வெக்கமா இருக்கு."

"உனக்கு ஏன் வெக்கம்? பயப்படறது நான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். அவருக்கு இருதயம் பலவீனம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். "எல்லாரும் என்னமோ பஸ்ஸுக்கு நிக்கிற மாரி சாவுக்கு நிக்கிறாங்க. எனக்கு அப்படி இல்ல. எனக்குப் பயமா இருக்கு. இருக்கக்கூடாதா?"

"இருக்கலாம் ஆன்டி."

"நீ உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீன்னு வையி, எனக்கு என்னா தோணும் தெரியுமா? பாவம், இவ காத்துக்கிட்டு இருக்கா, சீக்கிரம் கெளம்பிடணும்னு தோணும். கடையில கஸ்டமர் நின்னா எனக்குக் கை பரபரக்கும். பழகிப்போச்சு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வெட்டிய நகத்தைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வெளியே வந்து, ரம்புத்தான் மரத்தடியில் நின்று கொஞ்சம் அழுதேன். இத்தனை பேருக்குச் சாமியைக் கொண்டுவந்து கொடுப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நான், அவர்களில் ஒருவரிடமாவது உங்களுக்குப் பயமாக இருக்கிறதா என்று கேட்டதில்லை.

மகளின் வேண்டுகோள்

பவானி ஆன்டியின் மகள் கோமதி கம்போங் மேடானில் மாடி வீட்டில் இருந்தாள். சூப்பர்மார்க்கெட்டில் காசாளர். அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்ளத்தான் ஆசை. மின்தூக்கி அடிக்கடி பழுதாகும், அம்மாவால் ஒரு படி ஏற முடியாது. ஒவ்வொரு வாரமும் வருவாள். வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் ஏச்சு வாங்குவாள். அதற்கப்புறம்தான் இருவரும் பேச ஆரம்பிப்பார்கள்.

மழைக்காலம் தொடங்கியபோது ஆன்டியின் கால்கள் வீங்கிப் பளபளத்தன. படுத்தால் மூச்சு முட்டும், நாலைந்து தலையணை வைத்துச் சாய்த்துவிட்டோம். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனி ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம், இங்கேயே வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று கோமதியிடம் சொன்னார்.

கோமதி நேராக என்னிடம் வந்தாள்.

"அக்கா, கடைசி நேரத்துல நீங்கதான் அம்மா பக்கத்துல உக்காரணும்."

"அம்மாவுக்கு அது புடிக்காது கோமதி."

"அதுக்கு என்னாக்கா தெரியும்? பயத்துல சொல்லுது. நீங்க உக்காந்தா எல்லாரும் சாந்தமா போறாங்கன்னு எத்தன பேரு சொல்றாங்க. எங்கம்மாவுக்கு மட்டும் செய்ய மாட்டீங்களா?"

"செய்ய மாட்டேன்னு சொல்லல..."

"அன்னிக்கி அது கத்துனது உங்க மனசுல இருக்கு. அதானே?"

என்ன சொல்வது? இல்லை என்றால் அது முழு உண்மை இல்லை. ஆமாம் என்றால் அதுவும் முழு உண்மை இல்லை. "நான் நின்னு பாத்துக்கிறேன்மா" என்றேன். அவளுக்கு அது புரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லக்கா" என்று போய்விட்டாள். உதவி கேட்டவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டோமே என்று என் உடம்பெல்லாம் கூசியது.

சமையலறை

ஒரு திங்கட்கிழமை. எனக்கு விடுமுறை. பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கோமதி போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, அம்மாவுக்கு மூச்சு ஒரு மாதிரி வாங்குது. மேட்ரன் என்னைக் கூப்பிட்டாங்க. வந்துட்டேன். நீங்க வாங்கக்கா. ப்ளீஸ்க்கா."

கட்டியிருந்த வீட்டுச் சேலையோடு ஓடினேன். கேஎல் சென்ட்ரலில் ரயிலைப் பிடித்து உட்கார்ந்த பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன். போய் என்ன செய்யப் போகிறேன்? கட்டில் பக்கம் போனால் அந்தக் கண்கள் மறுபடி அப்படிப் பார்க்கும். கடைசியாக அவர் பார்க்கும் முகம் என் முகமாக, அதுவும் பயத்தோடு பார்க்கும் முகமாக ஆகிவிடும். போகாவிட்டாலோ, கூப்பிட்டும் வராதவளாக ஆவேன். ரயில் ஒவ்வொரு நிலையத்திலும் நின்றது. ஒவ்வொன்றிலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது.

இல்லத்தை அடைந்தபோது முன்வாசல் வழியாகப் போகவில்லை. பின்சந்தில் நுழைந்து சமையலறைக் கதவைத் தள்ளினேன்.

சமையல்காரர் முருகேசன் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். தேநீருக்கு வாழைப்பழத்தைப் பீசாங் கோரேங்காகப் பொரித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்கக்கா, இந்தப் பக்கமா வர்றீங்க?"

விரலை வாயில் வைத்துக் காட்டினேன். அவர் பார்வை சுவர்ச் சன்னல் பக்கம் போய்த் திரும்பியது. புரிந்துகொண்டார் போலிருக்கிறது. வெங்காய மூட்டையைக் காலால் தள்ளி எனக்கு நிற்க இடம் கொடுத்தார்.

சுடுதண்ணீர் எடுக்க வந்த ஸ்டெல்லா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா! உள்ள வாங்க, கோமதி உங்களத்தான்..."

"எப்படி இருக்கு?"

"இன்னைக்கித் தாண்டாது. பயந்துகிட்டு இருக்காங்க. என் கைய விட மாட்றாங்க."

"நான் வந்தா இன்னும் பயப்படுவாங்க ஸ்டெல்லா."

அவள் சுடுதண்ணீரைப் பிடித்தாள். தண்ணீரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சன்னல் கதவு பாதி சாத்தியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பவானி ஆன்டியின் தலைமாடு. என்னால் பார்க்க முடியாது, கேட்க முடியும்.

"ஸ்டெல்லா." காற்றுப்போல வந்தது அந்தக் குரல். "அவ எங்க?"

"யாரு ஆன்டி?"

"புஷ்பா."

என் மூச்சே எனக்குக் கேட்டது.

"அவங்க இன்னைக்கி லீவு ஆன்டி."

"நெசமா?"

"நெசம். திங்கக்கிழமைதானே இன்னைக்கி."

"வர மாட்டாளே?"

"வர மாட்டாங்க. வீட்டுல இருக்காங்க."

பொய் சொன்னால் மறுநாளே பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு ஓடும் பெண் அவள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"அப்ப சரி" என்றார் பவானி ஆன்டி. நீளமாக ஒரு மூச்சு விட்டார். "அப்ப இன்னைக்கி இல்ல."

முருகேசன் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சிதறிக் கிடந்த வெங்காயத் தோல். அங்கேயே, அந்தச் சேலையோடு, பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று முயன்றேன். "சிவ சிவ" கூட வரவில்லை. சும்மா நின்றேன். காதைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பக்கம் பேச்சு தொடர்ந்தது. பயம் போன பிறகு அவர் பழைய பவானி ஆன்டியாகிவிட்டார்.

"என்னா வாசம்? பீசாங் கோரேங்கா?"

"ஆமா ஆன்டி. வேணுமா?"

"அந்தத் தம்பிகிட்ட... தீயக் கொறைக்கச் சொல்லு. கருகுது."

முருகேசன் சட்டென்று அடுப்பைக் குறைத்தார்.

"கொறச்சிட்டேன்மா!" என்று சன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

ஸ்டெல்லா பஞ்சைத் தேநீரில் நனைத்து உதட்டில் வைத்திருப்பாள் போலிருக்கிறது. "சீனி போட்டியா?" என்று ஆன்டியின் குரல் கேட்டது. "போட்டேன்" என்றாள். "ம்" என்றார். கோமதி ஏதோ பழைய கதையைச் சொன்னாள், கடையில் யாரோ சம்பலைக் கொட்டிவிட்ட கதை. இடையிடையே அந்த "ம்" வந்தது. பிறகு "ம்" நின்று மூச்சு மட்டும். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்றும் எனக்குத் தெரிந்தது. தாதியின் காது அது, வேண்டாம் என்றாலும் கேட்கும். ஒரு மூச்சுக்குப் பிறகு ஆக்சிஜன் இயந்திரத்தின் உறுமல் மட்டும் மிச்சம்.

"அம்மா?" என்றாள் கோமதி.

என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? நல்லவேளை, நான் பக்கத்தில் இல்லை. என் மேல் பழி வராது. அதுதான். அழுகை அதற்குப் பின்னால்தான் வந்தது.

முன்வாசல் வழியாக

கோமதி தண்ணீர் குடிக்கச் சமையலறைக்கு வந்தாள். என்னைக் கண்டு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இங்கயேவா இருந்தீங்க?"

"ஆமாம்மா."

"உள்ள வந்திருக்கலாமேக்கா..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். எதையோ யோசித்தாள். "லீவுன்னு ஸ்டெல்லா சொன்னாங்கல்ல, அப்ப அம்மா சிரிச்சிச்சுக்கா. உங்களுக்குத் தெரியாதுல்ல? சிரிச்சிச்சு."

நான் அவளுக்குத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தேன்.

"குளிப்பாட்டணும்" என்றாள். "நீங்க வாங்க. இப்ப அதுக்குப் பயம் இல்ல."

சமையலறையிலிருந்து கட்டிலுக்குப் போக ஒரு கதவு உண்டு. அதன் வழியே நுழைந்தால் ஒருவர் கண்ணிலும் படாமல் திரைக்குள் போய்விடலாம். ஒளிந்தது போதும் என்று தோன்றியது. வெளியே வந்து வீட்டைச் சுற்றி நடந்து முன்வாசல் வழியாக நுழைந்தேன். தேநீர் நேரம் முடியவில்லை. உதட்டுக்குப் போன கோப்பைகள் அப்படியே நின்றன.

"லீவுன்னாங்களே" என்றார் ஒருவர்.

"வந்துட்டா பாரு" என்றது இன்னொரு குரல்.

ஒரு சீன ஆன்டி மெதுவாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒவ்வொரு கட்டிலாகக் கடந்து போனேன். சாகும்வரை இந்தப் பெயர் என்னை விடாது என்று தெரிந்தே நடந்தேன். முகம் எரிந்தாலும் எங்கும் நிற்கவில்லை.

ஸ்டெல்லாவும் நானும் கோமதியும் வெதுவெதுப்பான தண்ணீரில் பவானி ஆன்டியைத் துடைத்தோம். கோமதி திருநீறு கேட்டாள். நான் வைக்கவில்லை. அவளையே வைக்கச் சொன்னேன். அம்மாவின் நெற்றியில் கோணலாக ஒரு கீற்று இழுத்தாள்.

சாமிநாதன் அங்கிள்

அடுத்த நாள் வேலைக்குப் போனேன். மைலோவை நீட்டினால் சிலர் வாங்கவில்லை. "அங்க வச்சிட்டுப் போ மிஸ்ஸி" என்றார்கள். வைத்துவிட்டு நகர்ந்தேன்.

சாமிநாதன் அங்கிள் மட்டும் பத்திரிகையை மடித்துவிட்டுக் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"நேத்து கிச்சன்ல ஒளிஞ்சிருந்தியாமே?"

"யாரு சொன்னா?"

"உப்புமூட்டைதான். வேற யாரு?"

கோப்பையை அவர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்.

"பேரு வச்சது நான்தான். தெரியுமா?"

"தெரியும் அங்கிள்."

"வெளையாட்டுக்குத்தான் வச்சேன்." பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். எல்லை வரை லோரி ஓட்டிய பெரிய கைகள். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் அந்த மாரி லீவு போடுவியா?"

எந்த முகத்தோடு சரி என்பது? ஆனாலும் சொன்னேன்.

"போடறேன் அங்கிள்."

அவர் தலையசைத்தார். கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். நான் இரண்டடி நகர்ந்திருப்பேன், மறுபடி கூப்பிட்டார்.

"மிஸ்ஸி. லீவு போட்டுட்டு வீட்டுக்குப் போயிடாத. கிச்சன்லயே நில்லு."